கதவுள்ள நெருப்பு

அத்தியாயம் 14: சம்மட்டி விழுந்த நாள்

முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது அடிக்குக் குளிர்காயும் கணப்பின் பின்சுவரில் ஒரு கீறல் ஓடியது. மூன்றாவதில் செங்கல் பிளந்து, பல வருஷத்துக் கரி பொலபொலவென்று கொட்டி, நெஸ்ட்டாவின் முகமெல்லாம் அப்பியது.

அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“தள்ளி நில்லும்மா. கண்ணுல தெறிக்கப்போகுது,” என்றான் ரோட்ரி.

“நீ அடி,” என்றாள்.

பென்ரியூ பண்ணைவீட்டின் புகைபோக்கி தீப்பிடித்து எரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவருக்குள் ஏதோ மிருகம் மாட்டிக்கொண்டதுபோல் அது உறுமியதும், தீயணைப்பு வண்டி மலைப்பாதையில் ஏற முடியாமல் திணறியதும் இன்னும் அந்தப் பள்ளத்தாக்கில் பேச்சாகத்தான் இருக்கிறது. தீயை அணைத்த அதிகாரி போகும்போது ஒன்று சொன்னார். கூரை உத்தரம் பாதி கரிந்துவிட்டது, இனித் திறந்த கணப்பு கூடாது, இடித்துவிட்டுக் கதவு வைத்த இரும்பு அடுப்பு போடுங்கள், அடுத்த முறை வீடே மிஞ்சாது என்றார்.

“எங்க அப்பன் உட்கார்ந்த நெருப்பு இது. நான் செத்த அப்புறம் மாத்திக்கோங்க,” என்று சொல்லிவிட்டு, கராடோக் மறுநாளே அதில் விறகை அடுக்கினார். நெஸ்ட்டாவின் புருஷன் அவர். அறுபத்து மூன்று வயதிலும் ஒரு கிடாயைத் தனி ஆளாகத் தூக்கி வண்டியில் எறிவார்.

இன்று கராடோக் வீட்டில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்டுச் சந்தைக்குக் கிழட்டு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். சந்தை முடிந்தால் மதுக்கடை. இருட்டுவதற்கு முன் வந்த வழக்கமே கிடையாது. அவர் வருவதற்குள் பழைய கணப்பு போய்ப் புது அடுப்பு எரிய வேண்டும் என்று தாயும் மகனும் பேசிவைத்திருந்தார்கள்.

ரோட்ரிக்கு இதுதான் பிழைப்பு. ஊர் ஊராகப் போய்க் கணப்பை இடித்து அடுப்பு வைக்கிறவன். கல்யாணமானதும் சந்தை ஊரில் தனிக்குடித்தனம் போய்விட்டான். ஆனாலும் அம்மா ஒரு வார்த்தை கேட்டதும் அடுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடியும்போதே வந்துவிட்டான்.

புகை தாங்கவில்லை, துணியெல்லாம் கரி, அதனால்தான் அடுப்பு என்று நெஸ்ட்டா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். காரணம் வேறு.

கராடோக்குக்குப் பேச்சு முற்றினால் இரும்புக் கிளறுகோலை எடுத்து அதன் நுனியைத் தணலுக்குள் செருகிவைப்பார். செருகிவிட்டு மெதுவாகத்தான் பேசுவார். வீட்டில் யாரும் அவர் வாயைப் பார்க்க மாட்டார்கள், கோலைத்தான் பார்ப்பார்கள். நுனி சிவப்பதற்குள் அவர் கேட்டதற்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை நெஸ்ட்டா தாமதித்தாள். இடது முழங்கைக்கு மேல் அந்தத் தழும்பு இருக்கிறது.

இரும்பு அடுப்புக்குக் கதவு உண்டு. சாத்திவிட்டால் கோல் வைக்க இடம் கிடையாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

பின்சுவர் முழுதும் விழுந்துவிட்டது. ரோட்ரி நிறுத்தவில்லை. விழுந்து கிடந்த செங்கற்களையே திரும்பத் திரும்ப அடித்தான். அவை பாதியாகி, காலாகி, பொடியாகியும் சம்மட்டி ஏறி இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் மூச்சு ஹக், ஹக் என்று வந்தது.

மெலெரி கெட்டிலைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். ரோட்ரியின் மனைவி. பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறாள். எதையும் சிரிக்காமல் சொல்லி மற்றவரைச் சிரிக்க வைக்கிற பெண்.

“போதும் ரோட்ரி. அது செத்து ரொம்ப நேரமாச்சு. பொணத்தை அடிக்காத.”

நெஸ்ட்டா சிரித்துவிட்டாள். ரோட்ரி சிரிக்கவில்லை. சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“டீ கேட்டா பேச்சு வருது,” என்றான்.

மெலெரி சட்டென்று உள்ளே போய்விட்டாள். கோப்பைகள் இடிபடும் சத்தம் மட்டும் வந்தது.

“ஏண்டா அந்தப் பொண்ணை முறைக்கிற? விளையாட்டுக்குத்தானே சொன்னா,” என்றாள் நெஸ்ட்டா.

“அவளுக்கு எப்பவும் விளையாட்டுதான்.” குனிந்து கல்லை அள்ள ஆரம்பித்தான்.

நெஸ்ட்டாவுக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் வேலை தலைக்கு மேல் இருந்தது. வாளியை எடுத்தாள்.

மதியத்துக்குள் முக்கால்வாசி வேலை முடிந்தது. புகைபோக்கிக்குள் துடைப்பத்தை விட்டுக் குடைந்தபோது அன்றைய தீயில் கருகிய காக்கைக் கூடுகள் மூட்டை மூட்டையாக இறங்கின. குச்சி, எலும்பு, கருகிப்போன ஒரு குஞ்சு. கணப்புக்கு மேலே குறுக்காகக் கிடந்த பெரிய கல் உத்தரத்தின் அடியில் இரண்டு இரும்புத் தூண்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினான் ரோட்ரி. தரையில் புதுக் கற்பலகை பதித்தான். கறுப்பாக, குட்டையாக, கண்ணாடிக் கதவோடு இரும்பு அடுப்பு அதன் மேல் வந்து உட்கார்ந்தது. கராடோக்கின் நாற்காலியை நெஸ்ட்டாவே இழுத்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தாள்.

ஆட்டிறைச்சி சூப்பை நின்றபடியே குடித்தார்கள்.

“அப்பா வந்ததும் என்ன சொல்லப் போறே?” என்று கேட்டான் ரோட்ரி.

“வெந்நீர் வேணுமான்னு கேப்பேன்.”

“அவர் கையை நீட்டினா?”

நெஸ்ட்டா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நீ இருக்கிறப்ப நீட்ட மாட்டார்.”

“நீட்டட்டும்,” என்றான் ரோட்ரி. அவன் குரலில் ஓர் ஆசை இருந்தது. மெலெரி தலையைத் தூக்கவே இல்லை.

மிச்சமிருந்தது குழாய்தான். வளைந்து கொடுக்கும் எஃகுக் குழாயைக் கூரை மேலிருந்து புகைபோக்கிக்குள் இறக்கி, கீழே அடுப்பின் தலையில் பொருத்த வேண்டும். மேலே ரோட்ரி குழாயைத் தள்ளுவான். குழாயின் நுனியில் கட்டிய கயிற்றைக் கீழேயிருந்து நெஸ்ட்டா இழுக்க வேண்டும். மெலெரி முற்றத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பனிமழை தூற ஆரம்பித்திருந்தது. கற்பலகைக் கூரை சோப்புத் தடவியதுபோல் வழுக்கியது.

நெஸ்ட்டா அடுப்புக்குப் பக்கத்தில், கணப்பின் குழிக்குள் மண்டியிட்டாள். மேலே வெகு உயரத்தில் ஒரு சதுரம் வானம் தெரிந்தது. பிறகு மகனின் தலை அதை மறைத்தது.

“அம்மா. கேக்குதா?”

குரல் காதுக்குள்ளேயே பேசியதுபோல் வந்தது.

“கேக்குது.”

“மெதுவா இழு. நான் சொன்னா நிறுத்து.”

இழுத்தாள். குழாய் சுவரில் உரசிக் கிறீச்சிட்டது. ஓர் ஆள் உயரம் இறங்கியது. இன்னொரு ஆள் உயரம்.

அப்போது முற்றத்தில் நாய் ஒரு தடவை குரைத்துவிட்டு, அதைப் பாதியில் விழுங்கிக்கொண்டது. அந்த நாய் ஒரே ஒரு வண்டிக்குத்தான் அப்படிச் செய்யும். டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நெஸ்ட்டாவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

கணவாயில் பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது. கராடோக் சந்தைக்குப் போய்ச் சேரவே இல்லை. பாதை திறக்குமா என்று மதியம் வரை பார்த்துவிட்டு, ஆடுகளை ஏற்றியபடியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

“நெஸ்ட்டா,” என்று மெலெரி வெளியேயிருந்து கத்தினாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

கராடோக் வாசலில் நின்று கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடிந்த குழியைப் பார்த்தார். புது அடுப்பைப் பார்த்தார். கரியில் மண்டியிட்டிருந்த மனைவியைக் கடைசியாகப் பார்த்தார்.

“என் நாற்காலி எங்க?”

“கொட்டகையில இருக்கு. கரி படக்கூடாதுன்னு எடுத்து வெச்சேன்.”

“யாரைக் கேட்டு இதை இடிச்ச?”

“உங்களைக் கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல.”

இப்படி ஒரு பதிலை அவள் கல்யாணமான நாள் தொட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தன் வாயா பேசியது என்று அவளே திகைத்தாள்.

கராடோக் சிரித்தார். மூலையில் பழைய இரும்புச் சட்டத்தோடு கிளறுகோலும் கிடந்தது. குனிந்து எடுத்தார். பழக்க தோஷத்தில் அதைச் செருகுவதற்குத் தணலைத் தேடினார். நெருப்பு எங்கும் இல்லை. ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு முழு பலத்தோடு அடுப்பின் கண்ணாடிக் கதவில் வீசினார்.

கண்ணாடி விரிசல் விட்டது. அடுத்த வீச்சில் உதிர்ந்தது. மூன்றாவதில் கதவே கீலோடு தொங்கியது. கோலைத் தூர எறிந்தார்.

“அம்மா, என்ன சத்தம்?” என்றது புகைபோக்கி.

கராடோக் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. “ஓ, புள்ளை மேலயா இருக்கான்?”

நெஸ்ட்டா எழுவதற்குள் அவள் பின்கூந்தலைப் பிடித்துவிட்டார். இழுத்துக் குழிக்குள் தள்ளி, முகத்தைக் கரிக்குவியலில் வைத்து அழுத்தினார். மூக்கு, வாய், எல்லாம் கரி. நெற்றி கல்லில் மோதியது.

“கூப்பிடு. உன் புள்ளையைக் கூப்பிடுடீ. உனக்குப் புது அடுப்பு கேக்குது, இல்ல? தின்னு. பழைய அடுப்பைத் தின்னுட்டு அப்புறம் புதுசுக்குப் போ.”

அவள் வாயைத் திறக்கவில்லை. குரல் மேலே போகும் என்று அவளுக்குத் தெரியும். ரோட்ரி அவசரத்தில் இறங்குவான். கூரை வழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கரியோடு மூச்சை அடக்கினாள்.

ஆனால் கராடோக் அவளுக்காகப் பேசினார். குழிக்குள் தலையை நீட்டி மேலே கத்தினார். “டேய், அங்க குளிருதா? கீழ வாடா. உங்கம்மாவைக் குழிக்குள்ள போட்டிருக்கேன். வந்து பாரு.”

சொல்லிவிட்டுத் தொங்கிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

மேலே ரோட்ரி குழாயைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். குழாய் அலறிக்கொண்டு இறங்கியது. ஏதோ கனமாக மோதிய சத்தம் கேட்டது. கற்பலகைகள் சரசரவென்று சரிந்து முற்றத்தில் விழுந்து நொறுங்கின. மெலெரி வீறிட்டாள்.

“தொங்குறான்,” என்றார் கராடோக். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு மறுபடி இழுக்கத் தயாரானார்.

நெஸ்ட்டாவுக்கு அதன் பிறகு நடந்ததில் யோசனை எதுவும் இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த அவர் மணிக்கட்டு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. கடித்தாள். பல் எலும்பில் தட்டும்வரை கடித்தாள். அவர் அலறி உதறினார். விடவில்லை. விலாவில் பூட்ஸால் உதைத்தார். உள்ளே ஏதோ முறிந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் வாய் தானாகத் திறந்தது. கயிறு அவர் கையிலிருந்து நழுவிப்போயிருந்தது.

ரோட்ரி உயிரோடு இறங்கி வந்தான். புகைபோக்கியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துத் தப்பித்திருந்தான். தாடை கிழிந்து ரத்தம் மார்புவரை ஓடியிருந்தது. வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தான். கரியும் ரத்தமும் குழைந்த முகம். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

“விலகுங்க,” என்றான்.

“என் வீட்டுல என்னையே விலகச் சொல்றியா?”

கராடோக் ஒரு கல்லை எடுத்து வீசினார். அது ரோட்ரியின் தோளில் பட்டது. அவன் அசையவில்லை. நேராக நடந்து வந்து அவர் வயிற்றில் தலையால் முட்டினான். இரண்டு பேரும் மேஜையோடு சேர்ந்து விழுந்தார்கள். சூப்புப் பாத்திரம் உருண்டது. கராடோக்கின் கட்டைவிரல் மகனின் கண்ணைத் தேடியது. ரோட்ரி அந்த விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அத்தோடு சண்டை முடிந்துவிட்டது. மீதி நடந்தது சண்டை இல்லை.

ரோட்ரி அப்பாவின் மார்பில் ஏறி உட்கார்ந்தான். குத்தினான். மூக்கு உடைந்தது. குத்தினான். உதடு கிழிந்தது.

“போதும்டா,” என்றார் கராடோக். “டேய், போதும்.”

“யாருக்குப் போதும்? உனக்கா?” அப்பாவை நீங்க என்று மட்டுமே கூப்பிட்டு வளர்ந்தவன். “எனக்குப் பத்து வயசுல நானும் போதும்னு சொன்னேன். விட்டியா? சொல்லு, விட்டியா நீ?”

தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. கராடோக் பேசுவதை நிறுத்திவிட்டார். கைகள் தரையில் விரிந்து கிடந்தன. ரோட்ரியின் முஷ்டி ஏறி இறங்கியது. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு ஹக், ஹக் என்று வந்தது. காலையில் பொடியான செங்கல்லை அவன் அடித்தது இதே மூச்சோடுதான்.

நெஸ்ட்டா சுவரைப் பிடித்து எழுந்தாள். “ரோட்ரி. விடுடா. மூச்சு இருக்கா பாரு.”

அவன் காதில் விழவில்லை. அல்லது விழுந்தது, அது அவனுக்குத் தேவைப்படவில்லை. அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது. நெடுநாள் பசித்தவன் சோற்றின் முன் உட்கார்ந்திருக்கும் முகம் அது. அந்த முகத்தை அவள் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். வேறு ஒருவரின் கழுத்துக்கு மேல்.

முற்றத்திலிருந்து ஓடி வந்திருந்த மெலெரி அவன் தோளைத் தொட்டாள். “ரோட்ரி, நான்தான். என்னைப் பாரு.”

திரும்பாமலே புறங்கையால் வீசினான். மெலெரி கதவில் மோதி உட்கார்ந்தாள். அழவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே முகத்துக்கு முன்னால் இரண்டு கையையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

ரோட்ரி எழுந்தான். அவ்வளவுதான் முடிந்தது என்று நெஸ்ட்டா நினைத்தாள். அவன் எழுந்தது சம்மட்டியை எடுக்க.

இரண்டு கையாலும் பிடித்தான். அப்பாவின் தலைக்கு நேராகக் காலை அகட்டி நின்றான். வேலைக்காரன் நிற்பதுபோல் சரியாக நின்றான். தூக்கினான்.

கிளறுகோல் நெஸ்ட்டாவின் கையில் எப்படி வந்தது என்று அவளைக் கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. வாழ்நாளில் அதைக் கையில் எடுத்து நெருப்பைக் கிளறியிருக்கிறாள், அவ்வளவுதான். இப்போது அதைத் தோளுக்கு மேல் தூக்கி, மகனின் முன்கையில் பலம் கொண்ட மட்டும் இறக்கினாள்.

பச்சைக் குச்சி ஒடிவதுபோல் சத்தம் வந்தது. சம்மட்டி சரிந்து புதுக் கற்பலகையில் விழுந்தது. பலகை நாலாகப் பிளந்தது. கராடோக்கின் காதுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான்.

ரோட்ரி தன் கையைப் பார்த்தான். அது நடுவில் வளைந்திருந்தது.

“என்னையா அடிச்ச?”

“ஆமா.”

“அவருக்காகவா?”

“இல்லடா.” அவளுக்கு மூச்சு வாங்கியது. விலா குத்தியது. “அவருக்காக இல்ல.”

அப்போது அவன் அவளை ஒரு சொல் சொன்னான். அச்சில் போட முடியாத சொல். அந்தச் சொல்லால் அவளை இந்த வீட்டில் ஒருவர்தான் கூப்பிடுவார். அவர் தரையில் நினைவில்லாமல் கிடந்தார்.

சொன்ன பிறகு ரோட்ரியின் வாய் திறந்தபடியே நின்றது. நெஸ்ட்டா கோலைக் கீழே போடவில்லை.

“உட்காரு,” என்றாள். “அந்த மூலையில போய் உட்காரு.”

அவன் போய் உட்கார்ந்தான்.

மெலெரி போன் செய்தாள். கணவாயின் இந்தப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் வீடு குளிர்ந்து விறைத்துவிட்டது. கணப்பும் இல்லை, அடுப்பும் இல்லை. புகைபோக்கியின் ஓட்டை வழியே பனிமழை நேராகக் குழிக்குள் இறங்கியது. நெஸ்ட்டா கராடோக்கை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருந்த ரத்தத்தை வழித்துவிட்டு, மேலே கம்பளி போர்த்தினாள். ஓர் ஆட்டுக்குச் செய்வதுபோல்தான் செய்தாள். வண்டியில் ஏற்றிய கிழட்டு ஆடுகள் முற்றத்தில் கத்திக்கொண்டே இருந்தன.

ஆம்புலன்ஸின் பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது. இறங்கியவள் ஒரு பெண் கான்ஸ்டபிள். நாற்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சம்மட்டி, உடைந்த அடுப்பு, கவிழ்ந்த மேஜை. ஒன்றையும் தொடவில்லை.

கராடோக்குக்கு நினைவு திரும்பியிருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. கழுத்தில் பட்டை மாட்டி, தூக்குக்கட்டிலில் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

“ஐயா, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல முடியுமா? யார் இப்படிப் பண்ணினது?”

கராடோக்கின் திறந்திருந்த கண் மெல்ல நகர்ந்தது. மூலையில் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மகன் மேல் நின்றது. பிறகு நெஸ்ட்டா மேல் வந்தது.

“யாரும் இல்ல,” என்றார். சொல் குழறியது, ஆனால் புரிந்தது. “கல்லு. அந்த மேல் கல்லு சரிஞ்சு விழுந்துச்சு. நான் கீழ நின்னேன்.”

கான்ஸ்டபிள் ரோட்ரியைப் பார்த்தாள்.

“ஆமாங்க,” என்றான் ரோட்ரி. கொஞ்சமும் தாமதிக்கவில்லை. “பிடிக்கப் போனேன். என் கையிலயும் விழுந்துடுச்சு.”

அப்பனும் மகனும் ஒரே வாயால் பேசி நெஸ்ட்டா அன்றுதான் கேட்டாள்.

தடுக்கி விழுந்துட்டேன். மாடு உதைச்சிடுச்சு. கதவு காத்துல சாத்திக்கிச்சு. எத்தனை வைத்தியர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஒருவராவது நம்பினாரா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு மருந்து எழுதினார்கள். அந்தப் பொய்யை அவர் இப்போது அவளிடமிருந்தே எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

சும்மா கொடுக்கிற மனுஷர் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் ஒவ்வொரு நாளும் இதற்குக் கூலி கேட்பார். அவளிடமும் கேட்பார், மகனிடமும் கேட்பார். நான் வாயைத் திறந்தா உன் புள்ளை எங்க போவான் தெரியுமில்ல என்பார்.

ஆனாலும் ஒரு தலையாட்டு போதும். ஆமாம் என்று அவள் ஆட்டிவிட்டால் ரோட்ரிக்குச் சிறை இல்லை. பெற்றவள் அல்லவா, தலை தானாகவே ஆடப் பார்த்தது.

“நீங்க அப்ப இந்த அறையில இருந்தீங்களா?” என்று கான்ஸ்டபிள் அவளைக் கேட்டாள்.

“இருந்தேன்.”

“நீங்க பார்த்ததைச் சொல்லுங்க.”

மெலெரி ஈரத் துணியோடு வந்து நெஸ்ட்டாவின் உதட்டு ரத்தத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியபோது கம்பளிச் சட்டையின் கை முழங்கை வரை சரிந்தது.

முன்கையின் உட்புறத்தில் நாலு விரல் தடம். நான்கும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள்.

நெஸ்ட்டா அதைப் பார்த்தாள். மெலெரி அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

“ஏணியைப் பிடிச்சப்ப பட்டது,” என்றாள் மெலெரி. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

ஏணியைப் பிடித்தது இன்று மதியம். இன்று பட்ட அடி சிவப்பாக இருக்கும். நாளை ஊதாவாகும். மஞ்சளாவதற்கு ஒரு வாரமாவது வேண்டும். இந்தப் பாடத்தில் நெஸ்ட்டாவுக்கு யாரும் புதிதாக எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“அம்மா,” என்றான் ரோட்ரி மூலையிலிருந்து. சின்ன வயதில் இருட்டில் கூப்பிடுவானே, அந்தக் குரல்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“கல்லு விழல,” என்றாள்.

தூக்குக்கட்டிலைத் தூக்கப்போன இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

“அந்தக் கல்லு அங்கேயேதான் இருக்கு, பாருங்க. இவரை அடிச்சது என் பையன். அவன் கையை ஒடிச்சது நான். அதுக்கு முன்னாடி இவர் என்ன பண்ணினார்னு சொல்லணும்னா நான் ரொம்ப தூரம் பின்னால போகணும். நேரமாகும்.”

“ஆகட்டும்,” என்றாள் கான்ஸ்டபிள்.

“நெஸ்ட்டா,” என்றார் கராடோக். கட்டிலில் கட்டியிருந்த கை ஒரு தடவை துள்ளி அடங்கியது.

ரோட்ரி எழுந்து நின்றுவிட்டான். அவன் பார்வை அம்மா மேல் இல்லை, அவளுக்குப் பக்கத்தில் இருந்த மெலெரி மேல் இருந்தது. வாயைத் திறக்காதே என்று அந்தக் கண் சொல்வது நெஸ்ட்டாவுக்கே கேட்டது.

கான்ஸ்டபிளும் அவன் பார்வை போன வழியே திரும்பினாள்.

“உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?” என்று மெலெரியைக் கேட்டாள்.

துணியைப் பிடித்திருந்த மெலெரியின் கை நெஸ்ட்டாவின் உதட்டருகிலேயே நின்றது. சட்டைக் கை முழங்கையிலேயே கிடந்தது. அவள் அதை இறக்கிவிட்டுக்கொள்ளவில்லை.